பூக்களை அழிக்கும் கொப்புள வண்டு

மும்பை மாநகரின் வடகிழக்கு எல்லையில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலைச்சரிவை அடுத்து முலுண்ட் அமைந்துள்ளது. மழைக்காலம் ஓயும் நாட்களில், இத்தகைய காட்டோரப் பகுதிகளின் செம்பருத்திச் செடிகளில், கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த வண்டுகள் இதழ்களைக் கத்தரிப்பதைக் காணலாம். அழகிய நிறம் கண்டு சிறுவர்கள் இவற்றைக் கையில் எடுக்க முற்படுவர். அது ஆபத்தானது.

இவ்வண்டு கொப்புள வண்டு எனப்படும். இதன் அறிவியற் பெயர் மைலாப்ரிஸ் பஸ்டுலேட்டா. மெலாயிடே குடும்பத்தைச் சார்ந்தது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் முதன்முதலாகக் காணப்பட்டு, பின்னர் பரவிய ஜப்பானிய வண்டைப்போல் இது அயல்நாட்டிலிருந்து புகுந்ததன்று. நம் நாட்டிற்கே உரியது. ஆயினும், பயிர் பூக்கும் தருணத்தில் திரளாக வந்திறங்குவதால், படையெடுப்பைப் போன்ற விளைவை உண்டாக்குகிறது.

அடையாளம்: உடலின் நீளம் ஏறத்தாழ 2 முதல் 3 சென்டிமீட்டர். கருநிற முன்சிறகுகளின் குறுக்கே அகன்ற செம்மஞ்சள் பட்டைகள் உண்டு. தலை கீழ்நோக்கி வளைந்தும், கழுத்து ஒடுங்கியும் இருக்கும். முன்சிறகுகள் மற்ற வண்டுகளினுடையவைபோல் கடினமாயிராமல் மென்மையாக இருக்கும். தொட்டவுடன் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள்நிற நீர் கசியும். இந்நீரிலுள்ள கேந்தரிடின் என்னும் நச்சுப்பொருளே தோலில் கொப்புளங்களை எழுப்புகிறது. இதே குடும்பத்தைச் சார்ந்த ஐரோப்பிய வண்டொன்றிலிருந்து இப்பொருளை 1810ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் ராபிக்கே பிரித்தெடுத்தார். இது வயிற்றுக்குள் சென்றால் உயிருக்கே கேடு நேரும். இதற்கெனத் தனி மாற்று மருந்து இல்லை.

வாழ்க்கை வரலாறு: பெண் வண்டு மண்ணுக்குள் முட்டைகளைத் திரளாக இடுகிறது. பொரித்து வெளிவரும் இளம்புழு நீண்ட கால்களுடன் விரைந்து ஓடி, மண்ணிலுள்ள வெட்டுக்கிளி முட்டைக் கூடுகளைத் தேடுகிறது. அங்கு முட்டைகளை உண்டு வளர்கையில், அதன் உருவம் பருவத்திற்குப் பருவம் மாறி, தடித்த மந்தமான புழுவாகிறது. பின்னர் கூட்டுப்புழு நிலையைக் கடந்து வண்டாகிறது. ஆகவே, புழுப்பருவத்தில் உழவனுக்கு நன்மை செய்யும் இவ்வுயிர், வளர்ந்தபின் தீமை செய்கிறது.

சேதமும் தடுப்பும்: துவரை, உளுந்து, தட்டைப்பயறு, வெண்டை ஆகியவற்றின் பூக்களை வண்டுகள் தின்பதால் காய்கள் குறைகின்றன. பரந்த நிலப்பரப்பு ஒருங்கே பூக்கும்போது சேதம் பங்கிடப்பட்டுவிடும். தனித்த சிறு பாத்தியிலும், மற்றவற்றிற்கு முன்னதாகப் பூக்கும் பயிரிலும் இழப்பு மிகுதி. பூச்சிமருந்து தெளித்தாலும், புதிய வண்டுகள் பறந்து வந்து சேரும். எனவே, சிறு பாத்திகளில் கையுறை அணிந்தோ, பூச்சிவலை கொண்டோ வண்டுகளைப் பிடித்துச் சவர்க்கார நீரில் இடுவதே ஏற்றது. வெறுங்கையால் நசுக்குதல் கூடாது. வேலியிலுள்ள செம்பருத்தியில் ஓரிரு வண்டுகள் இருப்பின் அவற்றை விட்டுவிடலாம்.

வண்டின் நீர் தோலில் பட்டால் உடனே சவர்க்காரமிட்டு நன்கு கழுவவேண்டும். கண்ணில் பட்டாலும், குழந்தை வண்டை வாயிலிட்டாலும், சற்றும் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும். பள்ளித் தோட்டங்களில் மாணவருக்கு இவ்வண்டைக் காட்டும் ஆசிரியர்கள், அதனை மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்தே காட்டுதல் நலம்.