போன மரை திரும்புமா?

கன்னடியன் கால்வாய் போன்ற தாமிரபரணிக் கால்வாய்களில் தண்ணீர் திறக்கும்போது மதகடியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இரும்புப் பலகை ஒன்று தண்ணீரை மறித்து நிற்கும். அதன் தலையிலிருந்து மேலே போகும் தடித்த கம்பியில் வரிவரியாக மரை வெட்டியிருக்கும். ஒரே ஒரு ஆள் கைப்பிடியைச் சுற்றுவார். பலகை மெல்ல மெல்ல மேலே வரும். பாதியில் அவர் கையை எடுத்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தாலும் அது கீழே விழாது. நாலு பேர் கூடினாலும் தூக்க முடியாததை ஒருவர் தூக்குகிறார், தூக்கியது அப்படியே நிற்கவும் செய்கிறது. இரண்டுமே மரையின் வேலைதான்.

மரை என்பது ஓர் உருளையைச் சுற்றிக்கொண்டு ஏறும் சரிவு. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்குப் பஸ் செங்குத்தாகவா ஏறுகிறது? சுற்றிச் சுற்றித்தானே போகிறது! தூரம் கூடினாலும் எஞ்சின் திணறுவது குறையும். இதே கணக்கைக் கார் எஞ்சினில் இருக்கும் 8 மி.மீ. போல்ட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். அதை ஒரு சுற்றுச் சுற்றினால் 1.25 மி.மீ. உள்ளே போகும். ஸ்பேனர் 15 செ.மீ. நீளம் என்றால், அந்த ஒரு சுற்றுக்கு உங்கள் கை ஏறக்குறைய 94 செ.மீ. நகர்கிறது. 940ஐ 1.25ஆல் வகுத்தால் 752. கையால் 5 கிலோ விசை கொடுத்தால் போல்ட் 3,760 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது. பத்தில் ஒன்பது பங்கை உராய்வு தின்றுவிடும். மிச்சம் கிடைப்பது 400 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உராய்வைத் திட்டிவிடாதீர்கள். மதகுப் பலகை விழாமல் நிற்பதும், எஞ்சின் அதிரும்போது போல்ட் கழன்று வராமல் இருப்பதும் அதன் தயவில்தான்.

இறுக்கிய போல்ட் சும்மா இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது இழுபட்டு, நூறில் ஐந்தாறு பங்கு மி.மீ. நீண்டிருக்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. போல்ட்டின் தலையைப் பாருங்கள், 8.8 என்று பொறித்திருக்கலாம். முதல் 8க்கு அர்த்தம், குறுக்குப் பரப்பில் ஒவ்வொரு சதுர மி.மீட்டரும் ஏறக்குறைய 80 கிலோ வரை அறாமல் தாங்கும் என்பது. அடுத்த 8, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை இழுத்தாலும் போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்கிறது. உங்கள் சுண்டுவிரலைவிட ஒல்லியான அந்த 8 மி.மீ. போல்ட்டில் இரண்டு சின்னக் கார்களைத் தொங்கவிடலாம்!

போல்ட்டுக்கும் நம்ம பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாங்குநேரி தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது திருக்குறுங்குடி. 1877இல் அங்கே பிறந்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். மதுரைக்குப் போய் 1911இல் அவர் தொடங்கிய பஸ் தொழில்தான் பிற்பாடு டி.வி.எஸ். என்று வளர்ந்தது. அந்தக் குடும்பத்து நிறுவனங்களில் ஒன்றான சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், 1966 முதல் சென்னைப் பாடியில் வாகனங்களுக்கான போல்ட்டும் நட்டும் செய்து வருகிறது.

இவ்வளவு கெட்டியான போல்ட் இருக்க, மரை ஏன் போகிறது? போவது பெரும்பாலும் போல்ட்டின் மரை இல்லை, அது ஏறியிருக்கும் துளையின் மரை. இப்போதைய கார்களில் எஞ்சின் ஹெட்டும், பல கார்களில் பிளாக்கும் அலுமினியக் கலவையில் வார்த்தவை. எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் பெட்ரோல் மிச்சம். ஆனால் வார்ப்பு அலுமினியம் சதுர மி.மீட்டருக்குப் பெரும்பாலும் 20, 30 கிலோதான் தாங்கும். 80க்கும் 25க்கும் மல்லுக்கட்டு வந்தால் யார் தோற்பார்கள்? சூடும் சேர்ந்துகொள்கிறது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் சூடாகும்போதெல்லாம் போல்ட் கூடுதலாக இழுபடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பத்து மரை பிடித்திருந்தால் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் என்றுதானே தோன்றும்? கிடையாது. துளையின் வாய்ப்பக்கம் இருக்கும் முதல் மரையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. அது பிய்ந்தால் பாரம் அடுத்ததன் தலையில், அதுவும் பிய்ந்தால் அதற்கடுத்ததன் தலையில். அதனால்தான் போல்ட் இறுகி இறுகி வந்து, ஒரு நொடியில் தளர்ந்துவிடுகிறது.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில், வாட்டர் பம்ப் மாட்டும்போது இதைப் பார்க்கக் கிடைத்தது.

“அண்ணாச்சி, போல்ட் சும்மா சுத்துது.”

“மரை போச்சா? எத்தன மட்டம்ல சொல்லுதேன், கைக்கு வந்தபடி இறுக்காதன்னு! சரி, கழட்டு.”

வெளியே வந்த போல்ட்டின் வரிகளுக்குள் பளபளவென்று ஒரு கம்பிச் சுருள். துளையில் இருந்த அலுமினிய மரை முழுசாகப் பெயர்ந்து போல்ட்டோடு வந்திருந்தது. சிலர் இந்த இடத்தில் டேப் சுற்றியோ பசை தடவியோ மாட்டி அனுப்பிவிடுவார்கள். அதை ரிப்பேர் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அண்ணாச்சி 8.3 மி.மீ. டிரில் பிட்டில் கிரீஸ் தடவினார். சீவல் எஞ்சினுக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ள வேண்டுமே. துளையை நேராகப் பெரிதாக்கியதும், மரை வெட்டும் கருவியான டேப்பை எடுத்தார். மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு. முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று. பின்னால் திருப்பும்போது சீவல் உடைந்து உதிரும். திருப்பாமல் போனால் அது அடைத்துக்கொண்டு டேப்பே முறிந்துவிடும். பிறகு காற்றடித்துச் சுத்தம் செய்தார்.

அடுத்து வந்தது காயில். ஸ்பிரிங் போலச் சுற்றிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, டைமண்ட் வடிவில் இருக்கும். வெளி முனை அலுமினியத்தில் புதிதாக வெட்டிய மரையில் உட்காரும், உள்முனை பழைய 8 மி.மீ. போல்ட்டுக்கு மரையாகும். காயில் துளையைவிடச் சற்றுப் பெரிது. கருவியில் மாட்டிச் சுருக்கி ஏற்றிவிட்டால் விரியப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதனால் இடத்தைவிட்டு அசையாது. அடியில் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்த வாலை ஒரு தட்டுத் தட்டி ஒடித்து, மறக்காமல் வெளியே எடுத்தார்.

இப்படிச் சரிசெய்த மரை பழையதைவிட வலுவானது! அலுமினியத்தில் இப்போது மரை 8 மி.மீ. வட்டத்தில் இல்லை, ஏறக்குறைய 9.6 மி.மீ. வட்டத்தில் இருக்கிறது. பிடிமானப் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. காயில் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் முதல் மரையின் பாரத்தை மற்றவையும் வாங்கிக்கொள்கின்றன. போல்ட் உரசுவதும் எஃகின்மேல்தான். இரண்டாம் உலகப் போர்க் கால விமான எஞ்சின்களில் மரை போகும்வரை காத்திருக்காமல், செய்யும்போதே இதைப் போட்டுவிடுவார்கள்.

கடைசியில் அண்ணாச்சி பையனிடம் டார்க் ரெஞ்ச்சைக் கொடுத்தார். குறித்து வைத்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லிவிடும் ஸ்பேனர் அது. சொன்னது. பையனின் கை இன்னும் ஒரு இழுப்புக்குப் போனது.

“ஏல! சொல்லிருச்சுல்லா, விடு.”

உங்கள் சைக்கிளிலும் மரை போகக்கூடும், முக்கியமாகப் பெடல் மாட்டும்போது. வலது பெடல் சாதாரண மரை, இடது பெடல் எதிர் மரை. இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்க இடது பெடல் கழன்றுவிடும். மாட்டும்போது ஸ்பேனரைத் தொடாதீர்கள். முதலில் விரலால், கழற்றும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் ‘டக்’கென்று ஒரு சின்ன இறக்கம் தெரியும். இரண்டு மரைகளின் வாயும் சந்திக்கிற இடம் அது. அங்கிருந்து இறுக்கும் திசையில் திருப்பினால் கோணாமல் ஏறும். விரலுக்கு ஏறாததை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது.