காற்றுக்கு ஒரு பங்கு

(வட அமெரிக்காவின் ஏரிக் கடல்களில் ஒரு சிறு மோட்டார் படகுப் பிரயாணம்)

ஏரி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் எழும் காட்சி ஒன்றுண்டு. இக்கரையில் நின்றால் அக்கரைப் பனைமரங்கள் தெரியும். மதகும் கலங்கலும் இருக்கும். மழை பொய்த்த வருஷத்தில் நடு ஏரியில் மாடு மேயும். இந்தச் சித்திரத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். ஸுபீரியர், மிச்சிகன், ஹூரன், ஈரி, ஒண்டாரியோ என்னும் அவ்வைந்தின் பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய 2,44,000 சதுர கிலோமீட்டர் ஆகிறது. ஒரு காலத்தில் உலகத்தையே கட்டி ஆண்ட பிரிட்டன் தீவை அப்படியே தூக்கி அந்த ஜலப் பரப்பில் வைத்தாலும் ஓரங்களில் இடம் மிஞ்சும்! ஸுபீரியர் ஏரியின் மிக ஆழமான இடத்தில் 1,333 அடி ஆழம். நீர் உப்புக் கரிக்காது என்பதைத் தவிர, கடலுக்கும் இவற்றுக்கும் வேற்றுமை மிகச் சொற்பமே.

இந்த ஏரிகளில் ஒன்றான ஒண்டாரியோவின் வடகரையில் அமைந்ததுதான் கனடா நாட்டின் டொராண்டோ நகரம். 1983-ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிலிருந்து இடம் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக் கணக்கில் அந்நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தம் இல்லமாக்கிக் கொண்டிருக்கின்றன. நம்மில் பலருடைய உற்றார் உறவினரும் அங்கே வசிக்கிறார்கள். கோடை வந்தால் அந்நாட்டார் குடும்பம் குடும்பமாகச் சிறு படகுகளில் ஏறி ஏரிகளையும் நதிகளையும் சுற்றிவரப் புறப்படுகிறார்கள். அத்தகைய பிரயாணம் ஒன்றை நாமும் பூகோளப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு திட்டமிட்டுப் பார்ப்போம். இருபத்து நான்கு அடி நீளமுள்ள ஒரு மோட்டார் படகு; நான்கு பேர்; மூன்று வார விடுமுறை. இவ்வளவுதான் நம் மூலதனம்.

எந்த வழி?

படத்தைப் பார்த்தவுடன், பெரிய ஏரிகளின் நடுவே நேர்க்கோடு கிழித்துச் செல்லத்தான் ஆசை எழும். அந்த ஆசையை முதலிலேயே கிள்ளி எறிந்துவிட வேண்டும். ஒண்டாரியோ ஏரியிலிருந்து ஹூரன் ஏரியின் ஓர் அங்கமான ஜார்ஜியன் விரிகுடாவை அடைவதற்கு உள்நாட்டு ஜலமார்க்கம் ஒன்று இருக்கிறது. டிரென்ட்-ஸெவர்ன் என்பது அதன் பெயர். டிரென்டன் என்ற ஊரில் தொடங்கி, நதிகளையும் சிறு ஏரிகளையும் கால்வாய்களால் கோத்துக்கொண்டு, 386 கிலோமீட்டர் சென்று போர்ட் ஸெவர்ன் என்ற ஊரில் முடிகிறது.

இந்த வழியின் சரித்திரமே ஒரு கதை. 1833-ஆம் ஆண்டில் பாப்கேஜியன் என்ற இடத்தில் முதல் வேலை தொடங்கிற்று. முழு வழியும் திறக்கப்பட்டது 1920-ஆம் ஆண்டில்! எண்பத்தேழு ஆண்டுகள். அதற்குள் ரயில் வந்துவிட்டது. சரக்குக் கப்பல்களோ இந்தச் சிறு கால்வாயில் நுழைய முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டன. வர்த்தகத்துக்கென வெட்டிய வழி வர்த்தகத்துக்கு உதவாமற் போயிற்று. 1920 ஜூலை மாதத்தில் முதன்முதலாக அதை முழுவதும் கடந்து சென்றது சரக்குக் கப்பல் அன்று; ‘ஐரீன்’ என்ற ஓர் உல்லாச மோட்டார் படகுதான். வியாபாரிகளுக்கு நஷ்டமானது பொதுஜனங்களுக்கு லாபமாயிற்று. இன்று அந்நாட்டு சர்க்காரின் தேசியப் பூங்கா இலாகா அதைப் பொதுச் சொத்தாகப் பரிபாலித்து வருகிறது. மே மாத நடுவிலிருந்து அக்டோபர் வரையில்தான் வழி திறந்திருக்கும். மற்ற மாதங்களில் குளிரும் பனிக்கட்டியும் ஆட்சி புரியும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. அணைகள் எழும்பியபோது நீர்மட்டம் உயர்ந்தது. ரைஸ் ஏரியில் ஆதிகுடிகள் தலைமுறை தலைமுறையாக அறுவடை செய்துவந்த காட்டு நெல் பெரும்பாலும் மூழ்கி அழிந்தது. ‘அரிசி ஏரி’ என்று பெயர் வைத்தவர்களே அரிசியை அழித்தார்கள்! அந்நிய ஆட்சி இன்னதென்று அனுபவித்து அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மலை ஏறும் படகு

டிரென்டனிலிருந்து பால்ஸம் ஏரி வரையில் நம் படகு ஏறுமுகம். அந்த ஏரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 840 அடி உயரத்தில் இருக்கிறது. புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிட்டால் சுமார் 600 அடி ஏற வேண்டும். ஏற்றி இறக்குவதற்கு வழியெங்கும் நாற்பதுக்கு மேற்பட்ட ‘லாக்’குகள் உண்டு. லாக் என்பது இருபுறமும் கதவுள்ள ஒரு கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலிருந்து ஜலத்தை விடுவார்கள். ஜலம் உயர உயரப் படகும் உயரும். பின் மேற்கதவு திறக்கும். அப்போது யந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். சுவரில் தொங்கும் கம்பிவடத்தில் நம் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாமே ஒழிய, முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சுப் போட்டால், ஜலம் ஏறும்போதும் இறங்கும்போதும் படகு ஒரு பக்கமாக இழுபட்டுச் சாயும்.

பீட்டர்பரோ நகரில் உள்ள ஏற்றம் அதிசயமானது. அங்கே ஜலம் நிரம்பிய இரண்டு பெரிய தொட்டிகள், தராசின் இரண்டு தட்டுகள் போல, இரண்டு தூண்களின் மீது நிற்கின்றன. மேலே உள்ள தொட்டியில் ஒரே ஓர் அடி ஜலத்தை அதிகமாக விடுகிறார்கள். அந்தப் பாரத்தால் அது கீழே இறங்க, மற்றத் தொட்டி படகுகளோடு 65 அடி மேலே எழும்புகிறது. தூக்குவதற்கு வேறு விசை கிடையாது. 1904-இல் திறந்த இந்த ஏற்றம் இன்றும் இயங்குகிறது. கிர்க்ஃபீல்ட் என்ற ஊரில் 49 அடி உயரமுள்ள இதன் தம்பி ஒன்றும் உண்டு.

கிர்க்ஃபீல்டில் ஒரு முக்கியமான எச்சரிக்கையை நம் குறிப்புப் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதிக் கொள்ள வேண்டும். ஆழமான வழியைக் காட்ட நீரில் சிவப்பும் பச்சையுமாக மிதவைகள் விட்டிருக்கிறார்கள். மேல் நோக்கிச் செல்லும்போது சிவப்பு நமக்கு வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. கிர்க்ஃபீல்ட் வரை நாம் ஏறுகிறோம். அதன் பின் இறங்குகிறோம். ஆகையால் அங்கே விதி தலைகீழாகிறது. சிவப்பு இடக்கைக்கு மாறிவிடும். ஒரு வாரப் பழக்கத்தில் கை தானாகவே சக்கரத்தைத் திருப்பினால், படகின் அடிவயிறு பாறையைத்தான் தேடிச் செல்லும்.

ஒரு கணக்கு

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போன்ற ஓர் எளிய கணக்கு இது. கால்வாய்ப் பகுதிகளில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. ஏரிகளில் சற்று வேகமாகப் போனாலும், சராசரி 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 386 கிலோமீட்டருக்கு 32 மணி. நாற்பது லாக்குகளுக்குத் தலா அரை மணியானால் 20 மணி. ஆக மொத்தம் 52 மணி. லாக்குகள் பகலில்தான் இயங்கும். நாளொன்றுக்கு ஏழு மணி பிரயாணம் செய்தால் எட்டாம் நாள் போர்ட் ஸெவர்ன் சேரலாம். அங்கிருந்து ஜார்ஜியன் விரிகுடாவின் கீழ்க்கரையை ஒட்டி, முப்பதினாயிரம் தீவுகள் என்று புகழ் பெற்ற பாறைத் தீவுகளினூடே வடக்கு நோக்கிச் சென்றால் கில்லார்னி. அதற்கு அப்பால் மானிட்டூலின் தீவு. ஏரிக்குள் அமைந்த தீவுகளில் உலகத்திலேயே பெரியது அதுதான். இந்த இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பகுதிக்கு ஆறு நாள் ஒதுக்குவோம். திரும்பும்போது படகை இழுவை வண்டியில் ஏற்றி மோட்டார் காரின் பின்னே கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

எட்டும் ஆறும் பதினான்கு. கையில் உள்ளவை இருபத்தொரு நாட்கள். மீதி ஏழு நாட்களை என்ன செய்வது? இன்னும் இரண்டு ஊர்களைச் சேர்த்துக் கொள்ளலாமே என்று வீட்டில் எல்லோரும் சொல்லுவார்கள். இங்கேதான் நாம் பிடிவாதமாக நிற்க வேண்டும். அந்த ஏழு நாட்களும் காற்றுக்கு உரியவை. அவற்றில் கை வைக்கலாகாது.

அநுபவமுள்ள படகோட்டிகள் பெட்ரோல் விஷயத்தில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு. பெட்ரோலுக்கு உள்ள இந்த விதி நாட்களுக்கும் பொருந்தும். மூன்று வாரங்களில் ஒரு வாரத்தை நிறுத்தி வைக்காத திட்டம் திட்டமே அன்று.

ஏன் இவ்வளவு அச்சம்?

இந்த ஏரிகளில் அலை எழுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. சமுத்திரத்தில் அலைகள் நீண்டு, இடைவெளி விட்டு வரும். ஏரியிலோ குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். ஓர் அலையிலிருந்து படகு தலை நிமிர்வதற்குள் அடுத்தது வந்து மோதும். ஆழம் குறைந்த ஈரி ஏரி இதற்குப் பெயர் போனது. நம் வழியிலேயே ஸிம்கோ ஏரி இருக்கிறது. எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்த ஜலப்பரப்பைக் கடப்பதற்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அந்த இரண்டு மணிக்காக ஒரு பகல் முழுதும் கரையில் காத்திருக்க நேரலாம்.

பெரிய கப்பல்களின் கதியைப் பார்த்தால் சிறு படகின் நிலைமை விளங்கும். 1913 நவம்பரில் இந்த ஏரிகளில் வீசிய புயலில் பன்னிரண்டு கப்பல்கள் மூழ்கின. 250-க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. 1975 நவம்பர் 10-ஆம் தேதி, 729 அடி நீளமுள்ள ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ என்ற இரும்புக் கனிமக் கப்பல் ஸுபீரியர் ஏரியில் இருபத்தொன்பது பேருடன் மறைந்தது. ஒருவர்கூடத் தப்பவில்லை. நாம் செல்வதோ ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். அப்போது ஏரிகள் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். ஆயினும் சாந்தமான மாதத்திலும் சாந்தமற்ற நாள் உண்டல்லவா?

ஜார்ஜியன் விரிகுடாவில் தீவுகளின் மறைவு இருக்கும் வரையில் கவலையில்லை. இடையிடையே அந்த மறைவை விட்டுத் திறந்த நீருக்கு வந்தே ஆகவேண்டும். அங்கே மேற்குக் காற்று வீசினால், நெடுந்தூரம் தடையின்றி ஓடிவரும் அலைகள் நம்மைக் கீழ்க்கரைப் பாறைகளை நோக்கியே தள்ளும். ஆகையால் புறப்படுவதற்கு முன்பே, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, சில விதிகளை எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். திறந்த நீரைக் காலையிலேயே கடந்துவிடுவது; பிற்பகலில் காற்று வலுப்பதே வழக்கம். வானொலியில் வானிலை அறிக்கையைக் கேளாமல் நங்கூரம் எடுப்பதில்லை. காற்று மணிக்கு 28 கிலோமீட்டரைத் தாண்டுமென்று அறிக்கை சொன்னால் அன்று பிரயாணமில்லை. நால்வரில் ஒருவர் வேண்டாமென்றாலும் வேண்டாமென்பதே முடிவு. அதன் பிறகு வாதமில்லை.

இவற்றை ஏன் முன்கூட்டியே எழுத வேண்டும்? துறைமுகத்தில் நிற்கும்போது மனம் நியாயம் பேசாது. “திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும்”, “அங்கே அறைக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது” என்றெல்லாம் காரணம் தேடும். படகில் ஏற்றும் சாமான்களில் மிகவும் ஆபத்தானது நாட்காட்டிதான் என்பது நம் துணிபு.

நிதானத்தின் பலன்

காத்திருக்கும் நாட்கள் வீண் நாட்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸிம்கோ ஏரி முடியும் இடத்தில், ஆதர்லி என்னும் நீரிடுக்கில், மீன் பிடிப்பதற்காக ஆதிகுடிகள் ஊன்றிய மரக்கழிகள் ஜலத்தினடியில் இன்றும் இருக்கின்றன. அவற்றுள் பழையவை 4,500 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. 1615-இல் அவ்வழியே வந்த ஷாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். வேகமாகச் செல்பவன் கண்ணில் இவை படுமா?

சற்று அப்பால் பிக் ஷூட் என்ற இடத்தில் லாக்கே கிடையாது. படகைத் தொட்டில் போன்ற வண்டியில் ஏற்றி, தண்டவாளத்தின் மீது நிலத்தைக் கடந்து, ஏறக்குறைய 58 அடி கீழே உள்ள நீரில் இறக்குகிறார்கள். இன்று லாக் கட்டப் பணமில்லாமலா? அன்று. பெரிய ஏரிகளில் புகுந்து மீன் வளத்தைச் சூறையாடிய ‘லாம்ப்ரே’ என்னும் இரத்தம் உறிஞ்சும் மீன், மேலே உள்ள ஏரிகளுக்கும் ஏறிவிடக் கூடாதே என்று, வேண்டுமென்றே இரண்டு நீர்களையும் இணைக்காமல் விட்டிருக்கிறார்கள். 1978-இல் புதிய வண்டி செய்தபோதும் இதே முடிவுதான். செய்ய முடிந்ததையும் செய்யாமல் நிறுத்துவதில் ஒரு விவேகம் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இனி மற்ற ஏற்பாடுகள். மோட்டார் படகு ஓட்டுவதற்குக் கனடாவில் தேர்வு எழுதிப் பெறும் அத்தாட்சி அட்டை அவசியம். ஒவ்வொருவருக்கும் அவரவர் உடலுக்கு ஏற்ற மிதவை அங்கி வேண்டும். பெட்டியில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவனுக்கு மூச்சை வசப்படுத்த ஒரு நிமிஷம், கைகால்கள் பயன்படப் பத்து நிமிஷம், நினைவு தப்புவதற்குள் ஒரு மணி என்று கணக்குச் சொல்லுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் இந்தக் கணக்குத்தான். ஆழங்களைக் காட்டும் அச்சிட்ட படங்கள், இரண்டு நங்கூரங்கள், அபாயத்தில் 16-ஆம் அலைவரிசையில் உதவி கோரும் வானொலிக் கருவி, இவற்றில் எதையும் மிச்சம் பிடிக்கலாகாது. கழிவு நீரை ஏரியில் விடுவது குற்றம்; அதற்குத் தொட்டி வேண்டும்.

கடைசியாக ஒரு கடிதம். படகின் நிறம், நீளம், அதிலுள்ளோர் பெயர், செல்லும் வழி, ஒவ்வோர் இரவும் தங்க நினைக்கும் இடம் ஆகியவற்றை எழுதிக் கரையில் உள்ள நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். எத்தனை மணி வரை நம்மிடமிருந்து செய்தி வராவிட்டால் மீட்புப் படையினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அதில் தெளிவாகக் குறித்திருக்க வேண்டும். குறிக்கும்போது, காற்றுக்கு ஒதுக்கிய நாட்களையும் சொல்லி வைப்பது நலம். காற்றுக்காக ஏதோ ஒரு துறையில் நாம் தங்கிவிட்டோம் என்ற செய்தி கிடைத்தால், கரையில் இருப்பவர்கள் கவலைப்பட மாட்டார்கள். புத்தியோடுதான் போயிருக்கிறார்கள் என்று நிம்மதியாக உறங்குவார்கள்.