குப்பைக்கிடங்குத் தொழிலாளர்களின் உடல்நலமும் பாதுகாப்பும்

குப்பைக்கிடங்கில் லாரி ஓட்டுபவர்கள், பொக்லைன் இயக்குபவர்கள், குப்பையைக் கையால் பிரிப்பவர்கள், ஊதியப் பட்டியலில் இடம்பெறாமல் பழைய பொருள் பொறுக்கிப் பிழைப்பவர்கள் எனப் பலர் உழைக்கின்றனர். இவர்களுக்கு நேரும் தீங்குகளையும் அவற்றைக் குறைக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னையின் தென்புறநகரான சிட்லபாக்கம் பேரூராட்சியாக இருந்தபோது, ஏரியை ஒட்டிக் கொட்டப்பட்ட குப்பை மேடாக வளர்ந்தது. பின்னர் அது அகற்றப்பட்டது. 2021இல் ஊர் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. மேடு மறைந்தாலும் வீடுகளில் அன்றாடம் சேரும் குப்பை இன்றும் யாரோ ஒருவரின் கைக்குத்தான் போகிறது.

தீயும் வாயுவும்

காற்றுப் புகாமல் புதையும் மட்கும் குப்பையிலிருந்து மீத்தேன் உண்டாகிறது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை இது கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். 2022 ஏப்ரல் இறுதியில் சென்னை பெருங்குடி கிடங்கில் பற்றிய தீ பல நாட்கள் எரிந்தது. நெகிழி எரியும் புகை நுரையீரலைத் தாக்கும். கிடங்கில் உண்டாகும் ஐதரசன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். ஆனால் அதன் அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். எனவே நாற்றம் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று கருதக்கூடாது.

சரிவு

உயரமாகக் குவிந்த குப்பையில் மழைநீர் ஊறினால் மேடு சரியலாம். 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியதில் 30 பேருக்கு மேல் இறந்தனர். மேட்டின் அடியில் வேலை செய்வோருக்கும் இதே ஆபத்து உண்டு.

காயமும் தொற்றும்

உடைந்த கண்ணாடி, சவர பிளேடு, ஊசி ஆகியவை கையைக் கிழிக்கும். அதன்வழி டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் தொற்றலாம். இவ்விரண்டுக்கும் தடுப்பூசி உண்டு.

பாதுகாப்பு

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சீருடை, ஒளிரும் மேற்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, தக்க காலணி, முகக்கவசம் ஆகியவற்றைத் தொழிலாளர்களுக்கு வழங்க வேண்டும் என்று கூறின. ஆனால் ஊசி மெல்லிய கையுறையைத் துளைத்துவிடும். சித்திரை வெயிலில் முகக்கவசத்தை நாள் முழுதும் அணிந்திருப்பதும் கடினம். எனவே ஆபத்தான பொருள் கிடங்கைச் சென்றடையாமல் தடுப்பதே முதன்மையான பாதுகாப்பு.

அதற்காகவே அவ்விதிகள் மட்கும் குப்பை, மட்காத குப்பை, தீங்கான வீட்டுக்கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று கூறின. உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றியும், இன்சுலின் ஊசியை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் இட்டும், இன்னதென்று சொல்லித் தனியே கொடுக்கலாம். வீட்டில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. செய்யாமல் விட்டால், அந்த ஊசி குப்பை பிரிப்பவரின் விரலில் ஏறும்.