களத்திலேயே ஒதுக்குங்கள்

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள கணியம்பாடி வட்டாரத்தில், ஆனி ஆடியில் மானாவாரியாக விதைக்கும் நிலக்கடலை ஐப்பசியில் களத்துக்கு வருகிறது. சிறு விவசாயி ஒருவருக்கு ஆண்டில் மொத்தமாகக் கைக்கு வரும் பணம் பெரும்பாலும் இந்த மல்லாட்டை விற்ற பணம்தான். அதே சமயத்தில் தீபாவளி வருகிறது. தை பிறந்தால் கலியாணமும் காதுகுத்தும் மொய்யும் வரிசையாக வரும். அடுத்த ஆனியில் விதை வாங்கவும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவும் பணம் தேடும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. மனைவியின் நகை அடகுக்குப் போகிறது.

அந்தக் குடும்பத்தைக் கேட்டால், பிள்ளை படிக்க வேண்டும், நிலம் கைவிட்டுப் போகக் கூடாது என்றுதான் சொல்வார்கள். ஆனால் செலவான கணக்கை எழுதிப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் கடைசியில் மிஞ்சியதுதான் போயிருக்கும். மிஞ்சாத ஆண்டில் அதுவும் இல்லை.

வருமானம் கூடினால் இது தானாகச் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பஞ்சாப் விவசாயிகளின் கடனைப் பற்றி மால்கம் டார்லிங் என்ற அதிகாரி 1925-இல் ஒரு நூல் வெளியிட்டார். விளைச்சலும் நில மதிப்பும் உயர்ந்த இடங்களில் கடனும் சேர்ந்தே வளர்ந்ததை அதில் அவர் காட்டினார். நிலத்துக்கு விலை கூடியதும், அதை நம்பிக் கடன் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். நம் நாட்டில் 2019-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, விவசாயக் குடும்பங்களில் பாதிக்குச் சற்று அதிகமானவை கடனில் இருந்தன. குடும்பத்துக்குச் சராசரிக் கடன் 74,121 ரூபாய்.

விவசாயி பழக்கத்தில் ஒரு காரியத்தைச் சரியாகவே செய்து வருகிறார். விதைக்கு எடுத்து வைத்த காயை எவ்வளவு முடை வந்தாலும் எளிதில் தொடமாட்டார். பிள்ளையின் படிப்புக்கும் இதே முறையைக் கையாளலாம். பணமாக மாறிய பிறகு ஒதுக்குவது கடினம். மூட்டையாக இருக்கும்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

ஒரு ஏக்கரில் 40 கிலோ மூட்டையாக 15 மூட்டை காய் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு வேண்டிய 50 கிலோ விதைப் பருப்புக்கு 2 மூட்டை. கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க் கடனுக்கு 5 மூட்டை. தமிழ்நாட்டில் இக்கடனைத் தவணைக்குள் கட்டுவோருக்கு வட்டி இல்லை. வெளியில் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கினால் ஆண்டுக்கு 18,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அதனால் சங்கக் கடனைத் தள்ளிப்போடக் கூடாது. படிப்புக்கு 3 மூட்டை, நோய்நொடிக்கு 1 மூட்டை. மீதி 4 மூட்டைதான் தீபாவளிக்கும் மொய்க்கும் வீட்டுக்கும். பங்காளி வீட்டில் விசேஷம் பெரிதாக இருந்தாலும் இந்த நான்குக்குள்தான் பார்க்க வேண்டும். அன்றாடச் செலவைப் பால் பணத்தில் சமாளிக்கப் பழகினால் இந்த நான்கும் சற்றுத் தாக்குப் பிடிக்கும். இந்த எண்ணிக்கை ஒரு மாதிரிதான். மழை பொய்த்து 8 மூட்டையே வந்தால், எதைக் குறைப்பது என்று குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் போதும் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பங்கீட்டைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே செய்தல் வேண்டும். களை எடுப்பதும் காய் ஆய்வதும் பெண்கள். மூட்டை என்ன விலைக்குப் போனது என்பது ஆண்களுக்கு மட்டும் தெரியும் என்ற நிலை பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. இப்படி இருக்கும் வீட்டில் எந்த ஒதுக்கீடும் நிலைக்காது.

ஆழ்துளைக் கிணறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலூர்ப் பகுதி கடினப் பாறைப் பகுதி. ஒரு முறை தோண்டித் தண்ணீர் கிடைக்காதவர், அடுத்த முறை கிடைக்கும் என்று நகையை வைத்து மறுபடியும் தோண்டுகிறார். நிலத்தைக் காப்பாற்றத் தொடங்கிய செலவு நிலத்தையே விற்கும்படி செய்துவிடலாம். தோண்டுவதற்கு முன் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் நிலத்தடி நீர் ஆய்வு செய்துகொள்வது நல்லது. நீர் இருப்பது சந்தேகம் என்று தெரிந்தால், அந்தப் பணத்தில் கறவை மாடு ஒன்று வாங்குவதா, வரப்பை உயர்த்தி மழை நீரைத் தேக்குவதா என்று யோசிக்கலாம்.

படிப்புக்கு ஒதுக்கிய 3 மூட்டையை ஐப்பசியிலேயே விற்க வேண்டியதில்லை. அறுவடைச் சமயத்தில் வரத்து மிகுந்து விலை இறங்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்து, அவசரம் என்றால் அதன் பேரில் பொருளீட்டுக் கடன் பெறலாம். வீட்டில் வைப்பதானால், குலுக்கும்போது பருப்பு உள்ளே உருளும் சத்தம் கேட்கும்வரை காயை உலர்த்தி, மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரில் படாமல் அடுக்க வேண்டும். விதை மூட்டையையும் அதன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.