ஷீராஸின் வைத்தியர்கள்

சென்ற வாரம் பாக்தாதில் ஒரு பெரிய மருத்துவமனையைப் பார்த்தோம். அதைக் கட்டிய அரசர் அஸுத் அத்தௌலாவின் சொந்த ஊர்போல இருந்தது தெற்கு ஈரானின் ஷீராஸ். பத்தாம் நூற்றாண்டிலேயே அங்கும் ஒரு மருத்துவமனை எழுப்பினார். ஆனால் ஷீராஸ் என்றதும் உலகத்துக்கு நினைவுக்கு வருவது கவிஞர்கள் ஸஅதியும் ஹாபிஸும்தான். இரண்டு சமாதிகளையும் தரிசித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதி நகரத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன்.

மங்கோலியர் பாக்தாதைச் சூறையாடியது 1258-ல். பல நாடுகளில் அலைந்து ஊர் திரும்பிய ஸஅதி ‘குலிஸ்தான்’ நூலை முடித்ததும் அதே ஆண்டில்தான். அப்போது ஷீராஸின் முஸஃப்பரி மருத்துவமனையில் கண் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த குத்புத்தீனுக்கு வயது 22. அங்கே வைத்தியராக இருந்த தந்தை இறந்ததும், 14 வயதில் அந்தப் பொறுப்பை ஏற்றவர். பத்தாண்டுகள் நோயாளிகளைப் பார்த்த பிறகும் இப்னு சீனாவின் ‘கானூன்’ மருத்துவ நூலில் பல இடங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. ஆசான்களைத் தேடிக் கிளம்பினார். மராகா நகரில் அறிஞர் நஸீருத்தீன் தூஸியிடம் படித்தார். 1282-ல் மங்கோலிய அரசரின் தூதராக எகிப்துக்குப் போனார். போன இடத்தில் கானூனுக்கு எழுதப்பட்ட உரைகளைத் தேடிப் பிடித்தார். தன் பேருரையைக் கட்டி எழுப்ப அவை கைகொடுத்தன. அரசியல் வேலையாகப் போனவர் சுவடிகளோடு திரும்பினாரே, அந்தத் தாகத்தை வணங்கத் தோன்றுகிறது.

நூறாண்டு கழித்து, ஹாபிஸ் கஸல் எழுதிய காலத்தில், அதே நகரில் மன்சூர் இப்னு இல்யாஸ் என்ற வைத்தியர் மனித உடலைப் பக்கம் பக்கமாக வரைய வைத்தார். எலும்பு, நரம்பு, தசை, சிரை, தமனி என ஒவ்வொன்றுக்கும் முழு உருவப் படம். கருவுற்ற பெண்ணின் படமும் உண்டு. பாரசீக மொழியில் எழுதிய அந்நூலைத் தைமூரின் பேரனுக்குக் காணிக்கையாக்கினார். ஹாபிஸ் பாடிய இதயத்தைப் பாடாதவர் இல்லை. மன்சூர் காட்டிய இதயத்தையும் அதே மரியாதையோடு நாம் பார்க்க வேண்டும்.

இடையில் சில நூற்றாண்டுகளைத் தாண்டி வருவோம். ஷீராஸ் வணிகர் முகம்மது நமாஸி, நகருக்குக் குழாய்நீர் கொண்டுவந்தார். 1955-ல் அவர் பெயரில் நவீன மருத்துவமனையும் திறந்தது. ஈரானின் முதல் சிறுநீரக மாற்று 1967-ல் நடந்தது ஷீராஸில்தான். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பை எடுக்கலாமா என்ற கேள்விக்கு 1989-ல் ஈரானின் தலைவர் கொமெய்னி மார்க்கத் தீர்ப்பாக அனுமதி தந்தார். 1993-ல் நமாஸி மருத்துவமனையில் மருத்துவர் மலிக் ஹுசைனியின் குழு நாட்டின் முதல் கல்லீரல் மாற்றைச் செய்தது. நாடாளுமன்றச் சட்டம் வந்தது 2000-ல்தான். மனிதர் எல்லோரும் ஓர் உடலின் உறுப்புகள் என்று ஸஅதி பாடிய ஊரில், ஒருவர் உறுப்பு இன்னொருவர் உடலில் உயிர்க்கிறது.

இன்று உறுப்பு மாற்றுக்கென்றே அங்கே ஒரு தனி மருத்துவமனை இயங்குகிறது. அதற்கு இட்டிருக்கும் பெயர் அபூ அலி சீனா. குத்புத்தீன் உரை எழுதிய அதே இப்னு சீனா. ஷீராஸ் போகிறவர்கள் பயணத் திட்டத்தில் அந்த மருத்துவமனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: இஸ்பஹான்)