‘ஐடி சொல்லுங்கண்ணா’

ஈரோட்டில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக்கொடுத்து, பழுது வந்தால் சரிபார்த்தும் கொடுக்கிற தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். சாயங்காலம் ஆறரைக்கு டீக்கடைக்கு வருவார். இருபது நிமிடம் உட்கார்ந்தால் அதில் பதினைந்து நிமிடம் போன் காதில் இருக்கும். “ஐடி சொல்லுங்கண்ணா... அது இல்லைங்க, டெஸ்க்டாப்புல ஐகான் இருக்கும் பாருங்க, அதைத் திறந்தா ஒரு நம்பர் வரும்...” அதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

சென்ற வாரம் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். “இங்கிருந்தே கடைக் கம்ப்யூட்டருக்குள்ள போற ரிமோட் மென்பொருள் ஒண்ணை இலவசமா ஓட்டிட்டு இருந்தேங்கண்ணா. இப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா அறுத்து விட்டுருது. காசு கொடுத்தே வாங்கிடலாம்னு பார்க்கிறேன். எது நல்லதுங்?”

“எத்தனை கடை?”

“47. மஞ்சள் மண்டி, ஜவுளி, மெடிக்கல், எல்லாம் கலந்து.”

“இப்ப எப்படி உள்ள போறே?”

“எல்லாச் சிஸ்டத்துலயும் பாஸ்வேர்டு போட்டு வெச்சிருக்கேங்கண்ணா. யாரும் அந்தப் பக்கம் ‘அக்செப்ட்’ அழுத்த வேண்டியதில்லை. 47க்கும் ஒரே பாஸ்வேர்டுதான், மறக்காது பாருங்க.”

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் கேட்டது எதை வாங்குவது என்று. அதற்குப் பதில் சொல்ல, ‘ஐடி’ என்று அவர் கேட்கிற அந்த ஒன்பது இலக்க நம்பர் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கடையிலுள்ள கம்ப்யூட்டர் இணையத்துக்குப் போகலாம். இணையத்திலிருந்து யாரும் நேராக அதனிடம் வந்துவிட முடியாது. நடுவில் ரவுட்டர் நிற்கிறது. பல இணைப்புகளில், அதற்கும் வெளியே, இணைய நிறுவனமே ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறது. அதனால் ரிமோட் மென்பொருள் ஒரு தந்திரம் செய்கிறது. கடையிலிருந்து அது தானாகவே வெளியே போய், மென்பொருள் நிறுவனத்தின் சர்வரிடம் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறது. அந்தப் பதிவுதான் நம்பர். நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து நம்பரைத் தட்டினால், சர்வர் கல்யாணத் தரகர் மாதிரி இரு வீட்டாரையும் பேசவைக்கிறது. நேரடியாகப் பேசிக்கொள்ள வழி கிடைத்தால் தரகர் ஒதுங்கிவிடுவார். கிடைக்காவிட்டால் கடைசிவரை எல்லாப் பேச்சும் அவர் வழியாகவே போகும். இதை ரிலே என்கிறோம். ஒரு கடையில் மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடுவதும், இன்னொரு கடையில் இழுத்து இழுத்து நகர்வதும் பெரும்பாலும் இதனால்தான். தரகர் வீடு எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும்.

நல்ல மென்பொருள்களில் பேச்சு மூடிய உறையில் போகிறது, தரகரால் பிரிக்க முடியாது. ஆனாலும் யார் எப்போது யாரோடு பேசினார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே தேர்வில் முதல் கேள்வி, நடுவில் உட்காரும் தரகர் யார் என்பது.

“விண்டோஸ்லயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்குதுங்களே, அதுக்குத் தரகரே வேண்டாமே?” என்றார் தம்பி.

இருக்கிறது. ஆர்டிபி என்று சொல்வார்கள். வேகமானது, நல்லது. ஆனால் அது செய்யப்பட்ட நோக்கம் வேறு. வீட்டில் இருந்துகொண்டு தன்னுடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் தானே வேலை செய்கிறவருக்கானது அது. நீங்கள் உள்ளே போனவுடன் கடைக்காரர் முன்னால் இருக்கும் திரை பூட்டிக்கொள்ளும். அவர் எதைச் சொல்லி, எங்கே தப்பு வருகிறது என்று காட்டுவது? ‘நீங்க அந்த பில்லைப் போடுங்க, நான் பார்க்கிறேன்’ என்று சொல்லவே முடியாது. போதாக்குறைக்கு, விண்டோஸ் ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து ஆர்டிபி வழியாக உள்ளே வரவே முடியாது. கடைகளில் லேப்டாப்போடு வருவது பெரும்பாலும் ஹோம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு வேலை செய்கிறவர்கள் ஒருமுறையாவது இதில் முட்டிக்கொண்டிருப்பார்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னில் கையெழுத்திட டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கடைக் கம்ப்யூட்டரில் செருகியிருப்பார்கள். விளக்கும் எரியும். நீங்கள் ஆர்டிபி வழியாகப் போய்ப் பார்த்தால் டோக்கனே இல்லை என்று சொல்லும். பழுது எதுவுமில்லை. அந்த டோக்கன் ஸ்மார்ட் கார்டு வகையைச் சேர்ந்தது. ஆர்டிபி, உட்கார்ந்து வேலை செய்கிறவரின் பக்கத்தில் செருகியிருக்கும் கார்டைத்தான் தேடும். தூரத்துக் கம்ப்யூட்டரில் செருகியிருப்பதைக் கண்டுகொள்ளாது. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ரிமோட் மென்பொருள்கள் கடைக்காரர் பார்க்கும் அதே திரையைத்தான் உங்களுக்கும் காட்டுகின்றன. அங்கே டோக்கன் இருந்தபடியே இருக்கும். ஒரு மதியம் முழுக்க டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டபின் நான் கற்ற பாடம் இது.

ஆர்டிபியில் ஆபத்தும் உண்டு. ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டால் தரகர் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் இரவு பகலாக உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 2019 மே மாதம் ‘புளூகீப்’ என்ற ஓட்டை வெளிவந்தபோது, ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அவ்வளவு தீவிரம். ஆர்டிபி வேண்டுமென்றால் விபிஎன் ஒன்றுக்குப் பின்னால் வையுங்கள். தெருவைப் பார்த்துத் திறந்து வைக்காதீர்கள்.

அடுத்த டீ வந்தது. மிச்சமிருப்பவற்றைப் பிரித்துப் பார்த்தோம். அவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்றில் அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து உங்களை உள்ளே விடுகிறார். மற்றொன்றில் சாவி உங்கள் பையில் இருக்கிறது.

கதவைத் திறந்துவிடும் வகையில் செலவே இல்லாதது, விண்டோஸோடு வரும் குவிக் அசிஸ்ட். உதவி செய்கிறவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒரு குறியீட்டை வாங்கிச் சொல்ல வேண்டும். கடைக்காரர் அதைத் தட்டி, சம்மதம் தர வேண்டும். அவருக்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. ஆளில்லாத நேரத்தில் இதில் நுழைய முடியாது. குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பிலும் இப்படி ஒரு வழி உண்டு. 12 இலக்கக் குறியீடு, ஒருமுறைதான் செல்லும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ‘தொடரட்டுமா?’ என்று அந்தப் பக்கத்தாரைக் கேட்கும். மாதத்துக்கு நாலைந்து தடவை உதவிக்குப் போகிறவருக்கு இவையே போதும்.

இரண்டு வகையையும் ஒன்றாகத் தருபவை வணிக மென்பொருள்கள். டீம்வியூவர் 2005இல் ஜெர்மனியில் தொடங்கியது. எனிடெஸ்க் 2014இல், அதே நாட்டின் ஸ்டுட்கார்ட்டில். இரண்டிலும் இலவசப் பதிப்பு உண்டு. அது சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஊரிலிருக்கும் அம்மாவின் லேப்டாப்பைச் சரிசெய்யலாம். காசு வாங்கிக்கொண்டு கடைக்குச் செய்வது ஒப்பந்தத்துக்கு விரோதம். இலவச மென்பொருள் திடீரென்று இணைப்பை அறுக்கிறது என்றால், தொழிலுக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று அது சந்தேகிக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். அறுத்த நேரம் ஸ்டாக் கணக்கெடுப்பு நாளாகவும் இருந்துவிட்டால் திட்டு நமக்குத்தான் விழும்.

விலை கேட்கும்போது தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. 47 கடை என்றால் 47 லைசென்ஸ் வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. பொதுவாக உதவி செய்கிறவர்தான் பணம் கட்டுவார். ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு, எத்தனை பணியாளர், சாவி வைத்திருக்கக்கூடிய கம்ப்யூட்டர் எத்தனை என்ற மூன்றையும் கேளுங்கள். அடுத்த ஆண்டு தானாகவே புதுப்பித்துப் பணம் எடுத்துக்கொள்ளுமா, நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

“ரஸ்ட்டெஸ்க்னு ஒண்ணு இருக்குதாமே. நம்ம சர்வர்லயே போட்டுக்கலாமாம்?”

உண்மைதான். திறந்த மூல மென்பொருள். அறிமுகம் செய்துவைக்கும் வேலை, ரிலே வேலை இரண்டையும் உங்கள் சர்வரிலேயே ஓட்டலாம். நீங்களே தரகர். மாதாந்திரச் செலவு ஒரு சிறிய சர்வரின் வாடகைதான். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ஸ்கிரீன்கனெக்ட் என்ற ரிமோட் மென்பொருளில், பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய வழிவிடும் ஓட்டை ஒன்று வெளிவந்தது. தீவிரத்துக்கான மதிப்பெண் பத்துக்குப் பத்து. நிறுவனத்தின் கிளவுடில் இருந்தவற்றை நிறுவனமே சரிசெய்துவிட்டது. சொந்த சர்வரில் வைத்திருந்தவர்கள் தாங்களே ஓடிப்போய்த் திருத்தம் போட வேண்டியிருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் இருக்கும்போது இப்படி ஒரு செய்தி வந்தால் உடனே சர்வரைத் திறந்து பார்ப்பீர்களா? ஆம் என்றால் சொந்த சர்வர் போடலாம்.

பெரிய நிறுவனம் என்றால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அதே மாதம், தன் சர்வர்களுக்குள் ஆட்கள் புகுந்துவிட்டதாக எனிடெஸ்க் அறிவித்து, வாடிக்கையாளர் தளத்தின் பாஸ்வேர்டுகளையெல்லாம் ரத்துசெய்தது. ஜூனில் டீம்வியூவர், தன் அலுவலக வலையமைப்பில் ஊடுருவல் நடந்ததாகச் சொன்னது. இரண்டு நிறுவனங்களும் தாமாகவே வெளியில் சொல்லின, அதுவரைக்கும் நல்லது. நமக்கு வேண்டிய பாடம், தரகர் வீட்டில் திருடன் புகுந்தாலும் கடைக்குள் வர முடியாதபடி நம் பக்கத்தில் இன்னொரு பூட்டு இருக்க வேண்டும் என்பது. கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். எந்தெந்த ஐடி இந்தக் கடைக்குள் வரலாம் என்று பட்டியலிட வசதி இருக்கும், அதையும் போடுங்கள். கடைக்குக் கடை வேறு வேறு பாஸ்வேர்டு வையுங்கள்.

கடைசியாகச் சொன்னபோது தம்பி டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள் என்றேன். ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். இருப்பதிலேயே மோசமான இணைப்புள்ள கடையில் ஓட்டுங்கள். விண்டோஸ் அனுமதி கேட்கும் நேரத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். அந்தக் கேள்வி தனிப் பாதுகாப்புத் திரையில் வரும். நிறுவாமல் அப்படியே ஓட்டுகிற பதிப்பில் பெரும்பாலும் உங்களுக்குக் கறுப்புத் திரைதான் தெரியும். ‘எஸ்’ அழுத்த ஆள் வேண்டும். மேக் வைத்திருக்கும் வாடிக்கையாளர் என்றால் திரைப்பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் தனித்தனியாக அனுமதி தரவைக்க வேண்டும். ஐபோனை இந்த மென்பொருள்களால் பார்க்க மட்டும்தான் முடியும், இயக்க முடியாது.

தமிழில் தட்டிப் பாருங்கள். இதை எந்த விளம்பரமும் சொல்லாது. சில மென்பொருள் நீங்கள் அழுத்திய விசையை அனுப்பும். சில அந்த விசை தந்த எழுத்தை அனுப்பும். இரண்டு பக்கமும் தமிழ்99 போட்டு வைத்தால் சரக்கின் பெயர் குழம்பி வரலாம். உங்கள் பக்கம் ஆங்கிலத்தில் விட்டு, கடைப் பக்கம் மட்டும் தமிழை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எந்த மென்பொருளாலும் தீர்க்க முடியாத ஒன்றும் உண்டு. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க்கைப் போனில் போடவைத்துப் பணம் பறிக்கிறார்கள் என்று வங்கிகளை எச்சரித்தது. போனில் ஒருவன் வங்கி ஆள் மாதிரிப் பேசுவான், செயலியைப் போடச் சொல்வான், ஒன்பது இலக்க நம்பரைக் கேட்பான். 2024இல் குவிக் அசிஸ்ட்டையும் இப்படிப் பயன்படுத்தி நிறுவனங்களுக்குள் நுழைகிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. இரண்டிலும் மென்பொருள் உடையவில்லை. உள்ளே விட்டது மனிதர்கள்தான்.

“அவன் கேட்கிற கேள்வியும் நீ தினமும் கேட்கிற கேள்வியும் ஒண்ணுதானே?” என்றேன். “‘ஐடி சொல்லுங்கண்ணா.’ 47 கடைக்காரங்களை, யாராவது கேட்டா நம்பர் சொல்றதுக்குப் பழக்கி வெச்சிருக்கிறது நாமதான். அதனால அவங்களுக்கு ஒண்ணு சொல்லி வை. நாங்களா ஒருநாளும் கூப்பிட்டு ஐடி கேட்க மாட்டோம், நீங்க கூப்பிட்டாத்தான் வருவோம்னு. வேற யாராவது கேட்டா வெச்சிரச் சொல்லு. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930க்குப் போன் பண்ணச் சொல்லு.”

தம்பி பேனாவை எடுத்தார். கைக்குக் கிடைத்த பழைய பில்லின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். ஆளில்லாத நேரத்தில் உண்மையாகவே யார் யாரிடம் போக வேண்டியிருக்கிறது? மஞ்சள் மண்டி சர்வர், ராத்திரி பேக்கப் பார்க்க. இரண்டு கிளை இருக்கும் ஜவுளிக்கடை. மெடிக்கல் மொத்த வியாபாரம் ஒன்று. பேனா நின்றுவிட்டது.

“மூணே மூணுதாங்கண்ணா.”

மூன்றுக்குச் சாவி, தனித்தனிப் பாஸ்வேர்டு, கடைக்காரர் கையெழுத்தோடு ஒரு தாள். மீதி 44க்கு, கூப்பிட்டால் கதவைத் திறந்துவிடும் முறை. இந்தக் கணக்கைப் போட்டபின் எதை வாங்குவது என்பது பாதி முடிந்த விஷயம். சாவி மூன்றே கம்ப்யூட்டருக்கு, இணைப்பு ஒரே நேரத்தில் ஒன்று என்றால், சிறிய திட்டம் ஒன்றே போதும்.

அங்கேயே உட்கார்ந்து முதல் கடைக்குப் போன் போட்டார். “அண்ணா, உங்க சிஸ்டத்துல நாங்க போட்ட பாஸ்வேர்டை எடுத்துடறோம். இனிமே நீங்க அழுத்தினாத்தான் நாங்க உள்ள வர முடியும்.”

ஸ்பீக்கர் போடாமலே அந்தப் பக்கக் குரல் எனக்குக் கேட்டது.

“அப்ப இத்தனை நாளா நான் அழுத்தாமயே வந்துட்டு இருந்தியா தம்பி?”