பேய்க்கதை எழுதியவரிடம் என்ன கேட்பது?

“இதெல்லாம் நிஜமாவே நடந்ததா சார்?”

மாயக்கதை எழுதும் ஒருவர் மேடையில் இருந்தால், கூட்டத்தில் யாராவது மைக்கை வாங்கி இதைக் கேட்டே தீருவார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் லேசாகச் சிரிப்பார்கள். கேட்டவர் கூச்சத்தோடு உட்கார்ந்துவிடுவார். ஆனால், சிரிக்கும்படி அவர் எதுவும் கேட்டுவிடவில்லை. பல நூறு வருஷங்களாக நம் ஊரில் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான் அது.

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் வருகிற ஊர் கோட்டக்குப்பம். விழுப்புரம் மாவட்டம். ஒரு பக்கம் கடல், நடுவே ஈ.சி.ஆர். பல வீடுகளில் யாராவது ஒருவர் பிரான்ஸில் இருப்பார். இங்கே பிளஸ் டூ படிக்கிற பிள்ளையின் செல்போனைத் திறந்தால் ஹாரி பாட்டர் இருக்கும், டிராகன்கள் பறக்கும் சீரிஸ் இருக்கும், கொரியப் பேய்கள் இருக்கும். தமிழில் மாயக்கதை எழுதுகிற, இன்றைக்கு நம்மோடு இருக்கிற ஒரு எழுத்தாளர் பெயரைச் சொல் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்கும். அந்த எழுத்தாளரை நேரில் பார்த்து, டிக்கெட் எதுவும் வாங்காமல் கேள்வி கேட்க முடியும் என்பது பெரும்பாலும் பெற்றோருக்கே தெரியாது.

புதுச்சேரியில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் கோவை. அங்கே டிசம்பர் மாதம் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் விழா நடக்கிறது. 2010-ல் ஆ.மாதவனுக்கு முதல் விருது கொடுத்து ஆரம்பித்த விழா. பெயரே ஒரு மாயக்கதையிலிருந்து வந்ததுதான். 1997-ல் வெளிவந்த ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ நாவலில் சிவப்பாக ஓடும் சோனா நதி உண்டு, மலைபோலப் படுத்திருக்கும் பிரம்மாண்டமான விஷ்ணு உண்டு, கடைசியில் எல்லாவற்றையும் மூழ்கடிக்கும் பிரளயமும் உண்டு. எந்த வரைபடத்திலும் அந்த ஊர் இல்லை. அதே ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 வரை மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்று 26 நாவல்களாக, தினம் ஒரு அத்தியாயம் வீதம் இணையத்தில் எழுதி முடித்தார். அதைச் செல்போனிலேயே படித்து முடித்தவர்களும் உண்டு.

2024-ம் ஆண்டு விருது இரா.முருகனுக்கு. கமல்ஹாசன் நடித்த ‘உன்னைப்போல் ஒருவன்’ படத்துக்கு வசனம் எழுதியவர் என்றால் சட்டென்று புரியும். சிவகங்கைக்காரர், வங்கியிலும் கம்ப்யூட்டர் துறையிலும் வேலை பார்த்தவர். அவருடைய ‘அரசூர் வம்சம்’ நாவலில் செத்துப்போன மூத்தோர்கள் வீட்டு மனிதர்களோடு சகஜமாகப் புழங்குவார்கள். காலத்தை முன்னும் பின்னும் தாண்டி வந்துபோகிற ‘பனியன் சகோதரர்கள்’ என்று இரண்டு பேர் உண்டு. யாரும் அலறுவதில்லை, மந்திரவாதியைக் கூப்பிடுவதும் இல்லை. திண்ணையில் சொந்தக்காரர் உட்கார்ந்திருப்பதுபோல பேயும் உட்கார்ந்திருக்கும். ‘விஸ்வரூபம்’, ‘அச்சுதம் கேசவம்’, ‘வாழ்ந்து போதீரே’ என்று அந்தக் குடும்பக் கதை நான்கு நாவல்களாக நீண்டது. ‘மிளகு’ நாவலில் போர்ச்சுக்கீசியர்கள் ‘மிளகு ராணி’ என்று அழைத்த கெருசொப்பா அரசி வருகிறார்.

கோவை விழாவின் ருசி அதன் அமைப்பில் இருக்கிறது. எழுத்தாளர் நீண்ட உரை ஆற்றுவதில்லை. மேடையில் வந்து உட்காருகிறார், வாசகர்கள் கேட்கிறார்கள், அவர் பதில் சொல்கிறார். இப்படி இரண்டு நாள், பல எழுத்தாளர்களோடு. விருது பெறுபவர் பற்றிய ஆவணப்படமும் திரையிடப்படும். கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து பத்து நிமிடம் தன் கருத்தைப் பேசுகிறவர் எந்த இலக்கிய விழாவிலும் உண்டு. அவரைப் பொறுத்துக்கொண்டால், அடுத்து ஒரு கல்லூரி மாணவி கேட்கும் ஒரே வரியில் மொத்த அரங்கும் நிமிர்ந்துவிடும்.

சரி, தமிழில் மாயக்கதை ஏன் இவ்வளவு காலம் ஒதுங்கி நின்றது? 1947-ல் ‘அம்புலிமாமா’ வந்ததிலிருந்து வேதாளத்தோடு வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. ஆனால், மீசை முளைத்ததும் அதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று ஒரு எண்ணம். பெரியவர்களுக்கான இலக்கியம் என்றால் வறுமை, குடும்பம், சாதி, இப்படி ‘உள்ளதை உள்ளபடி’ சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நவீனச் சிறுகதையின் முன்னோடியான புதுமைப்பித்தனே கடவுளைச் சென்னைக்கு அழைத்துவந்து காபி குடிக்க வைத்தவர், ‘காஞ்சனை’யில் பேயை வீட்டுக்குள் விட்டவர். 1985-ல் தமிழவனின் ‘ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ வந்தபோது ‘மாய யதார்த்தம்’ என்ற சொல் பெரிதாக அடிபட்டது. லத்தீன் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி என்றார்கள். நம் பாட்டிமார்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்!

படுகளத்தில் ஒரு பாடம்

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியத் தெருக்கூத்து. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் இந்த வழிபாட்டைப் பற்றி 1988-ல் எழுதிய பெரிய புத்தகத்தின் தலைப்பிலேயே செஞ்சியும் குருக்ஷேத்திரமும் சேர்ந்து நிற்கின்றன. கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த ராட்சத துரியோதனன் தரையில் படுத்திருப்பான். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார், அங்கிருந்து செந்நீர் தெறிக்கும். சுற்றி நிற்கிற சின்னப் பிள்ளைக்கும் காரணம் தெரியும்: அவன் உடம்பில் மற்ற இடமெல்லாம் வஜ்ஜிரம், தொடை மட்டும்தான் பலவீனம்.

மாயக்கதையின் சூட்சுமம் அந்தத் தொடையில் இருக்கிறது. எதையும் செய்ய முடிகிற பேய் இரண்டு பக்கத்தில் போரடித்துவிடும். இதைச் செய்ய முடியும், இதை முடியாது என்று ஒரு சட்டம் இருந்தால்தான் கதை நகரும். அதனால் எழுத்தாளரிடம் கேட்க நல்ல கேள்வி ஒன்று: ‘உங்கள் பேயால் எதைச் செய்ய முடியாது?’ ‘இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் சிறுவயது, பாட்டி, சொந்த ஊர் என்று வழக்கமான பதில் வரும். சட்டத்தைப் பற்றிக் கேட்டால் எழுதும்போது எங்கே திணறினார், எதை வெட்டி எறிந்தார் என்பதெல்லாம் வெளியே வரும்.

கூத்தில் இந்தக் கேள்வி கேட்கும் வேலைக்கென்றே ஒரு ஆள் உண்டு, கட்டியக்காரன். கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி ராஜா வந்து நின்றால், ‘யாருய்யா நீ? எங்கேர்ந்து வர்றே?’ என்று இவன் கேட்ட பிறகுதான் ராஜா தன் பெருமையைச் சொல்ல முடியும். கூட்டத்தின் சந்தேகத்தையும் கிண்டலையும் அவன் வாய்தான் பேசும். அப்படிக் கேட்டதால் ராஜா சிறுத்துப்போவதில்லை. இலக்கிய விழாவில் “நிஜமாவே நடந்ததா சார்?” என்று கேட்டுவிட்டுக் கூசி உட்கார்ந்தவரும் அந்தக் கட்டியக்காரனின் வாரிசுதான்.

ஆயிரம் கேள்விகள்

கோட்டக்குப்பத்து வீடுகளுக்கு இன்னொரு சொத்தும் உண்டு. தமிழ் இஸ்லாமிய இலக்கியத்தில் கிஸ்ஸா, மசலா, படைப்போர், நாமா, முனாஜாத்து என்று தனி வகைகளே இருக்கின்றன. கிஸ்ஸா என்றால் கதை, மசலா என்றால் கேள்வி-பதில். இன்று முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் இஸ்லாமிய நூலே ஒரு மசலாதான். வண்ணப்பரிமளப் புலவர் 1572-ல் இயற்றிய ‘ஆயிரம் மசலா’. நபிகள் நாயகத்திடம் இப்னு சலாம் கேள்விகளாகக் கேட்டு விடை பெறுவதுதான் நூலின் அமைப்பு. அது மார்க்க நூல், கற்பனைக் கதை வரிசையில் அதை வைக்க முடியாது. ஆனால், வானம், பூமி, மறுமை என்று மனிதக் கண்ணுக்கு எட்டாதவற்றைக் கேள்வி கேட்டே தெரிந்துகொள்ளலாம் என்ற பழக்கம் 450 வருஷங்களுக்கு முன்பே தமிழில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இந்த வகை நூல்கள் பலவும் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழிலும் வந்தன. அதை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பாட்டிமார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாரிஸிலிருந்து லீவுக்கு வரும் பேரனுக்கு அந்த எழுத்தும் தெரியாது, பல நேரம் தமிழ் எழுத்தும் தெரியாது. பாட்டி சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் அந்தக் கதை அவனைப் பொறுத்தவரை இல்லவே இல்லை.

இலக்கிய விழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக நினைப்பவர்கள் ஒரு வேலையை முன்கூட்டியே செய்ய வேண்டும். யார் வருகிறார் என்று பார்த்து, அவருடைய புத்தகம் ஒன்றையாவது வீட்டில் படித்துவிட வேண்டும். படிக்காமல் போனால் அங்கே நடப்பது அந்நியர் வீட்டுக் கல்யாணம். சின்னவர்களுக்கு ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ நல்ல தொடக்கம். கல்லூரிப் பிள்ளைகள் ‘அரசூர் வம்ச’த்தில் இறங்கலாம், முதல் ஐம்பது பக்கம் யார் உயிரோடு, யார் பேய் என்று குழம்பும், குழம்பட்டும். கோவை தூரம் என்றால், 2022-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மாவட்டம்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. அங்கும் எழுத்தாளர்கள் வருகிறார்கள். மாலையில் பட்டிமன்றத்துக்குக் கூட்டம் சேர்வதற்கு முன், மதியம் அரங்கு காலியாக இருக்கும்போது அவர்களைப் பிடித்தால் நிதானமாகப் பேசலாம்.

கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப்போவது நல்லது. மைக் கைக்கு வந்ததும் மறந்துபோகும். அப்படியே மறந்துபோனாலும் பரவாயில்லை, “இதெல்லாம் நிஜமாவே நடந்ததா சார்?” என்று கேட்டுவிடலாம்.